பனியாற்றுப் பயிற்சிக்கு நெல்லையிலிருந்து கொண்டுபோனவை: எது உழைத்தது, எது கைவிட்டது

உத்தரகாசியில் இருக்கிற நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் 28 நாள் அடிப்படைப் பயிற்சியை முடித்து ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. அதற்குள் ஏழெட்டுப் பேர் போனில் கேட்டுவிட்டார்கள். என்ன துணி எடுத்துப் போனீங்க, எங்கே வாங்கினீங்க, மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று. நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. 2023இல் முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறிய செய்தி வந்த நாளிலிருந்து பிள்ளைகள் என்னை விடவில்லை. அதனால்தான் நானும் விண்ணப்பித்தேன். இப்போது நம்ம பக்கத்திலிருந்து போக நினைக்கிற பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் நான் வாங்கிய அடியை வாங்க வேண்டாம் என்பதற்காக விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் வாங்க வேண்டாதது. ரக்சாக் என்கிற முதுகுப்பை, ஸ்லீப்பிங் பேக், கீழே விரிக்கிற மேட், இறகு அடைத்த ஃபெதர் ஜாக்கெட், பனி பூட்ஸ், அதன் அடியில் மாட்டுகிற பல் வைத்த க்ராம்பான், பனிக்கோடரி, இடுப்பில் கட்டுகிற ஹார்னஸ், கயிற்றை மாட்டுகிற கேரபினர் வளையம், ஹெல்மெட் எல்லாம் அங்கேயே ஸ்டோரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருகிறார்கள். பயிற்சி முடிந்ததும் எண்ணி, துடைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 1965இல் தொடங்கின நிறுவனம், எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால் பயிற்சி எடுத்த இடம், அவர்களுக்குத் தெரியாததா? இது தெரியாமல் நான் மதுரையில் ஒரு ஃபெதர் ஜாக்கெட்டுக்கு 6,500 ரூபாய் கொடுக்க இருந்தேன். ஏற்கெனவே போய் வந்த ஒரு அக்கா தடுத்தார். "காசை எல்லாம் காலுக்கும் கைக்கும் கண்ணுக்கும் வச்சுக்கோ, மத்ததை ஸ்டோர் பாத்துக்கும்" என்றார். 28 நாளும் அனுபவித்த பிறகு சொல்கிறேன், அதைவிடச் சரியான யோசனை எனக்கு வேறு யாரும் சொல்லவில்லை.

காலிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் என் பெரிய தப்பு அங்கேதான் நடந்தது.

பனியில் போடுகிற பூட்ஸ் ஸ்டோரில் கிடைக்கும். ஆனால் வளாகத்தில் ஓடுவதற்கும், தேக்லா பாறையில் பயிற்சிக்குப் போய் வருவதற்கும், அடிவார முகாம் வரை சுமையோடு நடப்பதற்கும் நம்முடைய டிரெக்கிங் ஷூ வேண்டும். நம்ம ஊரில் ஒரு கடையில் வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம். வெளிநாட்டு பிராண்ட், கணுக்கால் உயரம், பாதி விலை, 3,200 ரூபாய். புதுசு போலத்தான் பளபளவென்று இருந்தது. தினமும் காலையில் 12 கிலோ அரிசியைப் பையில் போட்டுக்கொண்டு வ.உ.சி. மைதானப் படிகளில் ஏறி இறங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாபநாசம் போய் அகஸ்தியர் அருவி வரை நடந்தேன். ஒரு கொப்புளம் வரவில்லை. சந்தோஷமாகப் பெட்டி கட்டினேன்.

அடிவார முகாமுக்கு நடக்கிற இரண்டாம் நாள், ஓக் மரக்காட்டுக்குள் ஈரப் பாறை மேல் கால் வைத்தபோது வலது காலில் ஏதோ 'சப்' என்று அடித்தது. குனிந்து பார்த்தால் அடிப்பகுதி குதிகாலிலிருந்து பிரிந்து வாய் பிளந்து தொங்குகிறது. பசை விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துக் கையால் அழுத்தினேன். நடுவில் இருந்த மெத்தை மாதிரியான பகுதி ஈரமான ரஸ்க் போல உதிர்ந்து விரலில் ஒட்டியது. பயிற்சியாளர் அதைப் பார்த்ததும் ஆச்சரியப்படவே இல்லை. மெல்லிய கயிறு எடுத்து ஷூவின் மேலும் கீழுமாக மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். மதியத்துக்குள் இடது காலும் அதே கதி. மீதிப் பாதை முழுக்க ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். முதுகில் சுமை, ஒரு பக்கம் சரிவு. அன்றைக்குப் பயந்த மாதிரி பனியில் கூட நான் பயப்படவில்லை.

காரணத்தை அன்று ராத்திரி அவரே சொன்னார். அந்த நடு மெத்தை பாலியூரித்தேன். காற்றில் இருக்கிற ஈரம் அதை உள்ளுக்குள்ளேயே மெல்ல மெல்ல அரித்துவிடும். ஷூ போடாமல் டப்பாவுக்குள் இருந்தாலும் அரிக்கும், வெக்கையும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இன்னும் சீக்கிரம். நம்ம ஊர் கடைக் கிட்டங்கியில் நாலைந்து வருடம் கிடந்த ஷூ வெளியே புதுசாக இருக்கும், உள்ளே உளுத்துப்போயிருக்கும். ஆகவே எங்கே வாங்கினாலும் ஷூவின் நாக்குப் பகுதியின் உட்புறத்தில் தைத்திருக்கிற சின்னச் சீட்டைப் பாருங்கள். பெரும்பாலும் தயாரித்த மாதமும் வருடமும் அதில் இருக்கும். மூன்று வருடத்துக்கு மேல் என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நான் இனி வாங்கமாட்டேன். சீட்டு இல்லை என்றால் நடு மெத்தையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் மேலே எழும்பி வராமல் அப்படியே நின்றாலோ, மெல்லிய வெடிப்புக் கோடு தெரிந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடைக்காரரிடம் திரும்பிப் போய்க் காட்டினேன். "அது பழைய ஸ்டாக்கும்மா, எனக்கே தெரியாது" என்றார், பாதிப் பணம் தந்தார். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கடை ஷூவை யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

பனி பூட்ஸ் வேறு ரகம். வெளியே கெட்டியான பிளாஸ்டிக் கூடு, உள்ளே கழற்றி எடுக்கிற மாதிரி மெத்தென்ற இன்னொரு பூட்ஸ். என் கால் அளவு 4. எங்கள் பேட்ச் முழுக்கப் பெண்கள் என்பதால் சின்ன அளவுகளுக்குத்தான் அடிதடி. ஸ்டோர் அண்ணன் பொறுமையாக நாலு ஜோடி எடுத்துத் தந்தார். போட்டுப் பார்க்கப் போகும்போது மலையில் போடப்போகிற அதே சாக்ஸோடு போங்கள். கல்லூரிக்குப் போடுகிற மெல்லிய சாக்ஸோடு போனால் அளவு ஏமாற்றிவிடும். நாடாவைக் கட்டாமல் காலை முன்னால் தள்ளி, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைகிறதா பாருங்கள். அப்புறம் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரில் முன்பக்கத்தால் ரெண்டு உதை விடுங்கள். விரல் நுனி இடித்தால் வேண்டாம். க்ராம்பானின் முன் பற்களைப் பனிச்சுவரில் உதைத்து ஏறுகிற வகுப்பில் இதையேதான் நூறு தடவை செய்யப்போகிறீர்கள். இறங்கும்போது முழு எடையும் விரல் நுனிக்கு வரும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள். வெட்டாமல் வந்த ஒரு பெண்ணுக்குப் பெருவிரல் நகம் இரண்டும் கறுத்துப்போனது.

சாக்ஸ் விஷயத்தில் மட்டும் கை நடுங்காமல் செலவு செய்யுங்கள். மெரினோ கம்பளி கலந்த கெட்டி சாக்ஸ் மூன்று ஜோடி, ஜோடி 900 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கியதிலேயே முழு மதிப்பெண் இதற்குத்தான். கம்பளி ஈரத்தை இழைக்குள்ளே இழுத்துக்கொண்ட பிறகும் ஓரளவு சூடு காக்கிறது, நாலு நாள் போட்டாலும் நாற்றம் அதிகம் இல்லை. இரண்டு ஜோடி நடக்க. மூன்றாவது ஜோடி தூங்க மட்டும். அதைப் பாலித்தீன் பையில் கட்டி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துவிட்டேன், எவ்வளவு நனைந்தாலும் பகலில் தொடவில்லை. நாள் முழுக்க ஈரத்தில் இருந்த காலைத் துடைத்துக் காய்ந்த சாக்ஸுக்குள் நுழைக்கிற அந்த ஒரு நிமிஷம், பனியில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். இன்னொன்று: குளிருகிறது என்று இரண்டு கெட்டி சாக்ஸை ஒன்றன் மேல் ஒன்றாகத் திணிக்காதீர்கள். பூட்ஸ் இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிட்டுப்போகும்.

அடுத்து உடம்புத் துணி. வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. "ஏட்டி, பருத்திய விட்டுட்டு இந்த ரப்பர் துணியவா போடப் போற?" என்று அம்மா. சித்திரை வெயிலில் அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பருத்தி வியர்வையைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அது ஆறும்போது உடம்பு குளிர்கிறது. அதே குணம்தான் பனியில் ஆளைச் சாய்க்கும். ஏறும்போது அங்கேயும் முதுகு நனைய வியர்க்கிறது. நின்ற அஞ்சாவது நிமிஷம் அந்த ஈரம் ஐஸ் ஒத்தடம் மாதிரி ஆகிவிடும். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திவிடுகிறது. அதனால் தோலை ஒட்டி ஒரு பருத்தித் துணி கூட வேண்டாம், உள்ளாடை உட்பட. பெண்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். வெளியே இருக்கிற சட்டை எல்லாம் சரியாக வாங்கிவிட்டு உள்ளே பருத்தி போட்டு, நாள் முழுக்க மார்பிலும் முதுகிலும் ஈரப் பட்டையோடு நடுங்கினவர்களைப் பார்த்தேன்.

இதற்குப் பெரிய கடை தேவையில்லை. திருப்பூரில் தைத்து வருகிற பாலியஸ்டர் விளையாட்டு டீசர்ட், முழுக்கை வைத்தது, நெல்லை ஜங்ஷனிலேயே 250 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மூன்று எடுத்தேன். நனைந்தால் உதறிப் போட்டால் போதும். அதன் மேல் பாலியஸ்டர் தெர்மல் ஒரு செட், அதற்கு மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கை இழை மேல்சட்டை. ஃப்ளீஸ் மட்டும் மதுரையில் வாங்கினேன். காற்று அடித்தால் மேலே ஒரு விண்ட்சீட்டர். ஃபெதர் ஜாக்கெட் நிற்கும்போதும் முகாமிலும் மட்டும். சிலர் குளிருக்குப் பயந்து அதைப் போட்டுக்கொண்டே ஏறினார்கள். இறகு வியர்வையில் நனைந்து கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டால் சூடு காக்கிற வேலையை விட்டுவிடும், அந்த உயரத்தில் அதைக் காயவைப்பது லேசு இல்லை.

தலைக்கு, மார்கழி பஜனைக்கு நம்ம பெரியவர்கள் போடுகிற அதே மங்கி குல்லா. டவுனில் 120 ரூபாய். குறையே இல்லை.

கால்சட்டைக்கு வருகிறேன். இங்கே அழகு, வசதி எல்லாம் பார்க்காதீர்கள். க்ராம்பானில் பெரும்பாலும் 12 பற்கள். தொளதொளவென்ற டிராக் பேண்ட் போட்டிருந்தால் ஒரு காலின் பல் மறுகாலின் துணியில் மாட்டும். சரிவில் அப்படி மாட்டினால் தலைகுப்புறத்தான் விழவேண்டும். என் இரண்டு பேண்ட்களையும் மேலப்பாளையம் பஜாரில் ஒரு தையல்கார பாயிடம் கொடுத்து, முழங்காலுக்குக் கீழே ஒட்டப் பிடிக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். உடனே ஒரு டம்ளரைக் கவிழ்த்து என் கணுக்கால் பக்கத்தில் வைத்து, "இவ்வளவு அகலம் இருந்தாப் பத்தும்லா, அதுக்கு மேல கெய்ட்டர் மாட்டுவீயள்லா?" என்றார். கெய்ட்டர் என்றால் பனி உள்ளே போகாமல் பூட்ஸுக்கு மேல் காலில் மாட்டுகிற உறை. அந்த வார்த்தையை நான் அப்போதுதான் அவருக்குச் சொல்லியிருந்தேன். கால் நுழைவதற்குப் பக்கவாட்டில் சின்ன ஜிப்பும் அவரே யோசித்து வைத்தார். இரண்டு பேண்ட்டுக்கும் சேர்த்து 160 ரூபாய். பயிற்சி முடியும்வரை ஒரு தையல் பிரியவில்லை.

கையுறையில் மறுபடியும் ஏமாந்தேன். 'தண்ணீர் புகாது' என்று போட்டிருந்த ஒன்றை ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். சறுக்கி விழுந்தால் பனிக்கோடரியை ஊன்றி உடம்பை நிறுத்துகிற பயிற்சி ஒன்று உண்டு. மேலிருந்து வேண்டுமென்றே சறுக்கி, புரண்டு, கோடரியின் அலகை நெஞ்சுக்குக் கீழே வைத்து அழுத்தி நிற்க வேண்டும். திரும்பத் திரும்ப விடுவார்கள். பத்தாவது தடவை விரல் இடுக்குத் தையல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அதை விட மோசம், ஈரக்கையை வெளியே எடுத்தபோது உள்துணியும் விரலோடு சேர்ந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது. அதை மறுபடி விரல் விரலாக உள்ளே திணிக்கவே முடியவில்லை. கைமரத்துப்போய், கேரபினர் பூட்டைத் திருகுவதற்குப் பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டேன். கையுறை வாங்கும்போது உள்ளே கைவிட்டு, நனைத்த விரலோடு வெளியே இழுத்துப் பாருங்கள். உள்துணி அசைந்தால் அது வேண்டாம். கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்படாதீர்கள்.

என்னைக் காப்பாற்றியது அடுக்கு முறை. உள்ளே மெல்லிய ஒரு ஜோடி, அதன் மேல் கம்பளியில் பின்னின மிட்டன், அதற்கு மேல் காற்றும் பனியும் புகாத வெறும் கூடு. மூன்றும் தனித்தனி. எது நனைந்ததோ அதை மட்டும் மாற்றலாம். மிட்டனில் நாலு விரலும் ஒரே அறையில் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்கின்றன. மேல் கூட்டில் மணிக்கட்டுக்கு ஒரு எலாஸ்டிக் நாடா தைத்துக்கொண்டு போயிருந்தேன், அதுவும் பாய் கைவேலை. முடிச்சுப் போடக் கழற்றினால் கையுறை மணிக்கட்டில் தொங்கும். நாடா இல்லாத ஒருத்தியின் கையுறை காற்றில் போய் பனிப்பிளவு பக்கம் விழுந்தது. எடுக்கப் போக விடவில்லை, சரிதான்.

கண்ணாடிக்கு ஒரே ஒரு விஷயம்: எண். கண்ணாடிக் காலின் உள்பக்கத்தில் 4 என்று போட்டிருக்க வேண்டும். அந்த நாலாம் வகை 3 முதல் 8 சதவீத வெளிச்சத்தை மட்டும்தான் உள்ளே விடும். வண்டி ஓட்டக் கூடாது என்று அதிலேயே குறி இருக்கும், அவ்வளவு கறுப்பு. ஊரில் நான் பார்த்த கடைகளில் 'யு.வி.' என்று ஸ்டிக்கர்தான் ஒட்டியிருந்தது, எண் இல்லை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடக்கூடப் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும், புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். வெளிச்சம் கீழேயிருந்தும் பக்கத்திலிருந்தும் வருகிறது. ஆகவே பக்கவாட்டு மறைப்பு கட்டாயம். நாங்கள் பயிற்சி எடுத்த தொக்ரியானி பனியாற்றில் ஒரு மேகமூட்டமான நாள். வெயில்தான் இல்லையே என்று என் கூடாரத்துப் பெண் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முற்பகல் முழுக்க இருந்தாள். ராத்திரி எட்டு மணிக்கு, கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது என்று அழ ஆரம்பித்தாள். ஒன்றரை நாள் துணியால் கண்ணைக் கட்டிக் கூடாரத்திலேயே படுத்திருந்தாள். நான் ஆன்லைனில் 2,400 ரூபாய்க்கு வாங்கின கண்ணாடி எனக்கு ஒரு நாள் கூடக் கண் சிவக்க விடவில்லை. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

உதட்டுக்கும் மூக்குக்கும் துத்தநாகக் களிம்பு வேண்டும், மூக்கின் அடிப்பக்கமும் தடவ வேண்டும். அம்மா கொடுத்துவிட்ட தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவது; பாட்டிலுக்குள்ளேயே கல்லாகிவிட்டது. வாய் அகலமான டப்பாவில் கொண்டுபோனால் சுரண்டியாவது எடுக்கலாம்.

ஹெட்லாம்ப், பேட்டரி: குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், ஐஸ் மேல்பக்கம்தான் முதலில் பிடிக்கும், மூடி திறக்க வரும். பைக் மழைக்கோட்டு வேண்டாம், உள்ளேயே வெந்துவிடும். ரக்சாக்குக்குள் போட கெட்டிப் பாலித்தீன் பை நாலு, டவுனில் பிளாஸ்டிக் கடையில் எடையில் வாங்கினேன். வாங்கியதில் மிக மலிவான, மிக உபயோகமான பொருள்.

கடைசியாக எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்லீப்பிங் பேக் பலர் படுத்தது என்பதால் உள்ளே போட ஒரு உறை வேண்டும் என்றார் அந்த அக்கா. பட்டு உறை நல்லது, லேசு, சூடும் கூடும் என்றார். கடையில் விலை கேட்டு மலைத்துப்போனேன். அம்மாவிடம் மடிப்பில் கிழிந்துபோன ஒரு பழைய பட்டுச் சேலை இருந்தது, அரக்குக் கலர், அம்மாவின் வளைகாப்புச் சேலை. கேட்கத் தயங்கினேன். அம்மாவே எடுத்துத் தந்தாள். பாயிடம் கொண்டுபோனபோது அவர் கத்தரிக்கோலை எடுக்கவே இல்லை. "என்ன டீச்சர், பட்டுச் சேலையப் போய் பையாத் தைக்கச் சொல்லுதீய" என்று விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஜரிகைக் கரை உடம்பில் குத்தும் என்று அதை மட்டும் ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்து எடுத்துச் சுருட்டி, "இத அம்மாகிட்டக் குடுத்துருங்க" என்று தனியாகக் கொடுத்தார். கிழிந்த மடிப்புகளைத் தள்ளி வெட்டி, ஓரங்களை இரட்டை மடிப்பாக அடித்து, காலடியில் கொஞ்சம் அகலம் விட்டு, தலைப்பக்கம் நாடா கோத்துத் தந்தார். பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 280 கிராம். முஷ்டிக்குள் பாதி அடங்கும். கூலி 200 ரூபாய்.

முகாமில் வெளியே வாளித் தண்ணீர் உறைந்து கிடந்த ராத்திரிகளில் அதற்குள்தான் படுத்தேன். முகத்துக்குக் கிட்டே இழுத்தால் அம்மாவின் பீரோ வாசனை, பாச்சா உருண்டையும் மஞ்சளும் கலந்தது, கடைசி வாரம் வரை இருந்தது.

மொத்தச் செலவு, அந்த ஷூவையும் கையுறையையும் சேர்த்து, 14,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அந்த இரண்டையும் முதலிலேயே பார்த்து வாங்கியிருந்தால் நல்ல ஷூ ஒன்றும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கும். பாயிடம் தைக்கக் கொடுக்கிறவர்கள் பத்து நாள் முன்னதாகவே போங்கள், பெருநாள் நெருக்கத்தில் அவருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. வெள்ளிக்கிழமை மதியம் கடை அடைப்பு. ஷூவோடு போட்டுப் பார்த்துத்தான் பேண்ட் அளவு எடுப்பார், அதனால் கெட்டி சாக்ஸையும் ஷூவையும் கையோடு எடுத்துப் போங்கள்.